நெடுநாள் உழைக்கும் சால்டரிங் அயர்ன்: எதை வாங்கலாம்?

சென்னை ரிச்சி தெருவில் ஏதாவது ஒரு கடையில் நின்று "நல்லா உழைக்கிற மாதிரி ஒரு சால்டரிங் அயர்ன் வேணும்" என்று கேட்டால், "எத்தனை வாட்ஸ்?" என்ற கேள்விதான் பதிலாக வரும். வாங்குபவருக்கும் அது சரியான கேள்வியாகவே படும். சின்ன வேலைக்கு 25, பெரிய வேலைக்கு 60 என்று ஒரு கணக்கு எல்லோர் மனதிலும் இருக்கிறது. ஆனால் உழைப்புக்கும் வாட்ஸுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. ஒரு அயர்ன் எவ்வளவு வேகமாக வெப்பத்தைத் தரும் என்பதை வாட்ஸ் சொல்லும். எத்தனை வருடம் தரும் என்பதைச் சொல்லாது.

அதைத் தெரிந்துகொள்ள, அயர்னில் எது எது கெடும் என்று பார்க்க வேண்டும். பிட் தேயும். எலிமென்ட் அறுந்துபோகும் அல்லது உடையும். ஒயர் கைப்பிடியின் கழுத்தில் முறியும். வெப்பக் கட்டுப்பாடு உள்ளதில் சர்க்யூட்டும் போகலாம். இவற்றில் எதுவுமே கெடாத அயர்னை யாரும் செய்ததில்லை. ஆகவே நான் இங்கே வைத்துக்கொள்ளும் அளவுகோல்கள் இரண்டு. இந்தப் பாகங்கள் எவ்வளவு மெதுவாகத் தேய்கின்றன? தேய்ந்த பிறகு அந்தப் பாகத்தை மட்டும், நாம் இருக்கும் ஊரில், நமக்குக் கட்டுப்படியாகும் விலையில் மாற்ற முடிகிறதா? வாரத்தில் சில மணி நேரம் வீட்டு மேசையில் உட்கார்ந்து போர்டு கட்டுபவர், பழைய ரேடியோவையும் ஆம்ப்ளிஃபயரையும் பழுது பார்ப்பவர், அர்டுயினோவுக்கு ஒயர் பற்றவைக்கும் கல்லூரி மாணவர் ஆகியோரை மனதில் வைத்தே எழுதுகிறேன். நாள் முழுக்க செல்போன் திறக்கும் தொழிற்காரரின் தேவை வேறு.

முதலில் பிட்டைப் பார்ப்போம், ஏனென்றால் முதலில் போவது அதுதான். வெப்பத்தை நன்றாகக் கடத்துவதால் பிட்டைச் செம்பில் செய்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், உருகிய ஈயத்தில் இருக்கும் வெள்ளீயம் செம்பைக் கரைத்துவிடும். ஒவ்வொரு முறை பற்றவைக்கும்போதும் பிட்டின் முனையிலிருந்து கொஞ்சம் செம்பு கரைந்து போர்டுக்குப் போகிறது. வெறும் செம்பு பிட் வைத்த அயர்னில் முனை குழிந்து, கூர் மழுங்கி, வாரத்துக்கு ஒருமுறை அரம் போட வேண்டிவரும். இந்தத் தொல்லைக்காகவே பிரிட்டனின் மல்ட்டிகோர் நிறுவனம் சேவ்பிட் என்று ஒரு ஈயம் விற்றது. அந்தக் கலவையிலேயே ஒன்றரை சதவீதம் செம்பைச் சேர்த்துவிட்டார்கள். ஏற்கனவே செம்பு கரைந்திருக்கும் ஈயம் பிட்டிலிருந்து மேலும் செம்பை எடுக்கும் வேகம் குறையும் என்பது கணக்கு. அது நல்ல யோசனை. ஆனாலும் நிலையான தீர்வு வேறு பக்கத்திலிருந்து வந்தது: செம்பின் மேல் இரும்பு முலாம். இரும்பும் வெள்ளீயத்தில் கரையும்தான், ஆனால் செம்பைவிட மிக மெதுவாக. இன்றைய நல்ல பிட் ஒன்றில் உள்ளே செம்பு, அதன்மேல் மெல்லிய இரும்பு முலாம், ஈயம் ஏறக்கூடாத பின்பகுதியில் குரோம், வேலை செய்யும் முனையில் மட்டும் ஈயப்பூச்சு என்று அடுக்கடுக்காக இருக்கும்.

தேய்ந்த பிட் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் கதை முழுக்கத் தெரியும். முனையின் முகத்தில், கோணத்தில் திரும்பும் இடத்துக்கு அருகே, குண்டூசி குத்தினாற்போல் ஒரு புள்ளி இருக்கும். இரும்பு முலாம் அந்த இடத்தில் ஓட்டையாகிவிட்டது. அந்த ஓட்டை வழியாக ஈயம் உள்ளே இறங்கி, செம்பைக் குடைந்து ஒரு பொந்தே உண்டாக்கியிருக்கும். வெளியே இரும்பு ஓடு வடிவம் மாறாமல் நிற்கும், உள்ளே ஒன்றும் இராது. முலாம் விழுந்த பிறகு பிட்டைக் காப்பாற்ற வழியில்லை. ஆகவேதான் இரும்பு முலாம் பூசிய பிட்டில் அரத்தையோ உப்புத்தாளையோ வைக்கக் கூடாது என்பதை நான் வற்புறுத்திச் சொல்வேன். செம்பு பிட்டை வைத்துப் பழகிய கை, கறுத்த முனையைக் கண்டதும் அரத்தைத்தான் தேடும். அந்த ஒரே பழக்கம், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பிட்டையும் ஒரு மாலையில் முடித்துவிடும்.

அரத்துக்கு அடுத்த எதிரி சூடு. முனை காய்ந்து கிடக்கக் கிடக்க, அதிலுள்ள ஈயமும் இரும்பும் காற்றோடு சேர்ந்து கறுக்கின்றன. வெப்பம் ஏற ஏற அந்த வேகம் கூடுகிறது. 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டால் பிட்டின் ஆயுள் மளமளவென்று குறையும். இத்தனைக்கும் நாம் உருக்க வேண்டிய ஈயத்துக்கு இவ்வளவு சூடு தேவையே இல்லை. 63 பங்கு வெள்ளீயமும் 37 பங்கு காரீயமும் கலந்த கம்பி 183 டிகிரியில் உருகிவிடுகிறது. கடையில் அதிகம் கிடைக்கும் 60க்கு 40 கலவை 190 டிகிரி வாக்கில் முழுதாக உருகும். முனையிலிருந்து வெப்பம் பாகத்துக்குப் பாயும்போது கொஞ்சம் இறங்கும் என்பதால் பிட்டை 320, 340 டிகிரியில் வைத்தால் சாதாரண வேலைக்குப் போதும்.

கட்டுப்பாடு இல்லாத அயர்னுக்கு இந்த எண்களெல்லாம் தெரியாது. பிளக்கைச் செருகியதும் சூடேறிக்கொண்டே போகும். உள்ளே வரும் மின்சாரமும் காற்றில் போகும் வெப்பமும் சமமாகும் இடத்தில் நிற்கும். ஸ்டாண்டில் சும்மா கிடக்கும்போது அந்த இடம் 400 டிகிரியை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது சாதாரணம். பற்றவைக்கத் தொட்டவுடன் சூடு இறங்கும்; கையை எடுத்தவுடன் மறுபடி ஏறும். அதாவது வேலை செய்யும்போது சூடு போதவில்லை, சும்மா இருக்கும்போது மிதமிஞ்சிப் போகிறது. நம் ஊர் மின்சாரம் இதை இன்னும் மோசமாக்கும். மின்திறன் வோல்ட்டேஜின் இருமடிப்படி மாறுகிறது. 230 வோல்ட்டில் 25 வாட்ஸ் எடுக்கும் அயர்ன், கோடைகால மாலையில் 190 வோல்ட் வந்தால் 17 வாட்ஸ்தான் எடுக்கும். நள்ளிரவில் 250 ஏறினால் 29 வாட்ஸைத் தாண்டும். மாலையில் ஈயம் உருக மறுத்த அதே அயர்ன் இரவில் பிட்டைக் கருக்குவதற்குக் காரணம் இதுதான்.

எலிமென்டின் கதையும் வோல்ட்டேஜிலிருந்தே தொடங்குகிறது. ஓம் விதியை வைத்துப் பார்த்தால் 230 வோல்ட், 25 வாட்ஸ் எலிமென்டின் மின்தடை 2116 ஓம். இவ்வளவு தடையை ஒரு சின்னக் குழாய்க்குள் அடைக்க வேண்டும் என்றால் நிக்ரோம் கம்பியைத் தலைமுடி அளவுக்கு இழுத்தாக வேண்டும். 0.05 மில்லிமீட்டர் கம்பி என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 4 மீட்டர் நீளம் தேவைப்படும். இதே வேலையை 24 வோல்ட்டில் 50 வாட்ஸாகச் செய்யும் எலிமென்டுக்குத் தடை 11.5 ஓம் போதும், 0.3 மில்லிமீட்டர் கம்பியில் முக்கால் மீட்டர் சுற்றினால் வந்துவிடும். குறுக்குவெட்டுப் பரப்பில் 36 மடங்கு தடித்த கம்பி. எது முதலில் அறும் என்று சொல்ல வேண்டியதில்லை.

செத்துப்போன 25 வாட்ஸ் எலிமென்ட் ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது நல்ல பாடம். வெளிக்குழாயை உருவினால் மைக்கா தகடு சுருளாக வரும். கை பட்டாலே பொடிப்பொடியாக உதிரும். அதற்குள் கம்பி சுற்றியிருக்கும்; பாதி தூரம் பளபளப்பாகவும் ஓர் இடத்தில் மட்டும் கறுத்தும் தெரியும். அந்தக் கறுத்த இடத்தில்தான் அறுந்திருக்கும். கம்பி முழுக்க ஒரே மின்னோட்டம் ஓடுகிறது. எங்கே அது சற்று மெலிந்திருக்கிறதோ அங்கே தடை அதிகம், தடை அதிகமான இடத்தில் சூடு அதிகம், சூடு அதிகமான இடம் இன்னும் வேகமாக ஆக்ஸைடாகி மேலும் மெலிகிறது. இந்தச் சுழற்சியிலிருந்து மெல்லிய கம்பி தப்பவே முடியாது. தடித்த கம்பிக்கு அது பல வருடம் எடுக்கும்.

இதுவரை சொன்னதிலேயே தீர்ப்பின் பாதி வந்துவிட்டது. குறைந்த வோல்ட்டேஜில் ஓடும் எலிமென்டும், முனையின் சூட்டை அறிந்து நிறுத்தும் சென்சாரும் இருந்தால் முதலில் கெடும் இரண்டு பாகங்களின் ஆயுளும் ஒருசேர நீள்கிறது. மீதிப் பாதி, உதிரிப்பாகம் பற்றியது. அதைச் சந்தையில் கிடைக்கும் அயர்ன்களை வைத்துத்தான் பேச முடியும்.

சோல்ட்ரான் 25 வாட்ஸிலிருந்து தொடங்கலாம். இங்கே எலெக்ட்ரானிக்ஸ் கற்றுக்கொண்ட பலரின் கையில் முதலில் இருந்தது அதுவாகத்தான் இருக்கும். 300 ரூபாயை ஒட்டிய விலை. கையில் லேசாக இருக்கும். சர்க்யூட் என்று எதுவும் கிடையாது. எலிமென்டும் பிட்டும் தனித்தனியாக விற்கின்றன, ஒரு ஸ்குரூடிரைவர் இருந்தால் வீட்டிலேயே மாற்றிவிடலாம். என் இரண்டாவது அளவுகோலில் இது முழு மதிப்பெண் வாங்குகிறது, அதை மனதாரச் சொல்கிறேன். சின்ன ஊரில் இருப்பவருக்கு இந்த எளிமை பெரிய பலம். ஆனால் முதல் அளவுகோலில் மேலே சொன்ன எல்லாக் குறைகளும் இதற்குப் பொருந்தும்: முடி போன்ற கம்பி, கட்டுப்பாடில்லாத சூடு, வோல்ட்டேஜோடு சேர்ந்து ஆடும் வெப்பம். போர்டின் கிரவுண்ட் பகுதிபோல் செம்பு பரந்து கிடக்கும் இடத்தில் வைத்தால் சூடு இறங்கி ஈயம் இறுகிக்கொள்ளும். அந்த நேரத்தில் அழுத்தித் தேய்ப்போம். பேட் கழன்று வரும். மெயின்ஸில் ஓடும் அயர்ன் எல்லாமே இப்படித்தான் என்று சொல்லிவிடவும் முடியாது. பிரிட்டனின் ஆன்டெக்ஸ் எக்ஸ்எஸ்25 மாதிரியில் பிட் எலிமென்டுக்குள் நுழையாமல் எலிமென்டின் மேல் உறைபோல் ஏறுகிறது. அதனால் வெப்பம் வீணாகாமல் முனைக்குப் போகிறது, 25 வாட்ஸே நிறையச் செய்கிறது. அருமையான வடிவமைப்பு. இங்கே அதன் பிட்டைத் தேடி அலைய வேண்டும் என்பதால் நம் கணக்கில் சேராது.

மலிவு அயர்ன்கள் பலவற்றில் இன்னொரு குறை, இரண்டு பின் பிளக். எர்த் இல்லை. பழைய எலிமென்டில் இன்சுலேஷன் தளர்ந்தால் முனையில் மின்கசிவு வரும். கையில் லேசாகச் சுருக்கென்று தெரியும், மாஸ்ஃபெட்டின் கேட்டுக்கு அதுவே போதும் சாவதற்கு. மூன்று பின் உள்ளதை மட்டுமே வாங்குங்கள் என்பதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அடுத்தது, கைப்பிடியிலேயே குமிழ் வைத்த 60 வாட்ஸ் வகை. 200 முதல் 450 வரை எண் போட்டிருக்கும், கூடவே ஐந்து பிட், ஸ்டாண்டு, உறிஞ்சி, கொஞ்சம் ஈயம் என்று ஒரு பையில் கட்டித் தருவார்கள். இன்று புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் இதைத்தான் வாங்குகிறார்கள். நான் இதை நிராகரிக்கிறேன், காரணங்களோடு. இவற்றில் பலவற்றில் சென்சார் கிடையாது. குமிழ் செய்வது மின்விசிறி ரெகுலேட்டர் செய்யும் வேலையைத்தான்: மின்சாரத்தைக் குறைக்கிறது, கூட்டுகிறது. அச்சிட்ட 350 என்ற எண்ணுக்கும் முனையின் சூட்டுக்கும் தொடர்பில்லை. சென்சார் இருக்கிறதா என்று சோதிக்க எளிய வழி உண்டு. நன்றாகச் சூடேறிய பிறகு முனையை ஈரப் பஞ்சில் அழுத்துங்கள். ஹீட்டர் விளக்கின் வெளிச்சம் மாறினால் உள்ளே ஏதோ அளக்கிறது. எந்த மாற்றமும் இல்லாமல் ஒரே சீராக எரிந்தால் அளக்கவில்லை. சென்சார் உள்ள நல்ல மாதிரிகளிலும்கூட, 230 வோல்ட் சர்க்யூட் முழுவதும் சூடேறும் கைப்பிடிக்குள் அடைபட்டிருக்கிறது. மெல்லிய செராமிக் எலிமென்ட் கீழே விழுந்தால் உடைகிறது. உதிரி எலிமென்ட் ஒவ்வொரு மாதிரிக்கும் வேறுவேறு. அடுத்த வருடம் அதே மாதிரி கடையில் இருக்கும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. 25 வாட்ஸ் அயர்னின் எளிமையும் இல்லை, மேசைப் பெட்டியோடு வரும் ஸ்டேஷனின் கட்டுப்பாடும் இல்லை. நடுவில் நிற்கும் பொருள், இரண்டு பக்கத்துக் குறைகளையும் சேர்த்து எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஸ்டேஷன் வகைக்கு வருகிறேன். இதில் ஒரு மாதிரி உலகம் முழுவதையும் ஆட்கொண்டுவிட்டது: ஜப்பானின் ஹாக்கோ 936. ஒசாகாவில் 1952இல் தொடங்கிய நிறுவனம் அது. 936இன் அமைப்பில் மேசைமேல் ஒரு கனமான பெட்டி, அதற்குள் 24 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், வெப்பத்தை அளக்கும் சிறு சர்க்யூட். அங்கிருந்து ஐந்து கம்பிகள் கொண்ட ஒயர் கைப்பிடிக்குப் போகிறது: இரண்டு எலிமென்டுக்கு, இரண்டு சென்சாருக்கு, ஒன்று முனையின் எர்த்துக்கு. கைப்பிடிக்குள் எலிமென்டாக ஒரு வெள்ளைச் செராமிக் குச்சி. அதன்மேல் உறைபோல் 900எம் வகைப் பிட் ஏறுகிறது, ஒரு குழாயும் நட்டும் அதைப் பிடித்துக்கொள்கின்றன. அவ்வளவுதான். ஹாக்கோ 936ஐ நிறுத்திவிட்டு எஃப்எக்ஸ்-888, பிறகு 888டி என்று வந்தது. ஆனால் 936ஐப் பார்த்துச் செய்த நகல்கள் சீனாவிலிருந்து பெருவெள்ளமாக வந்துகொண்டேதான் இருக்கின்றன.

அந்த வெள்ளம்தான் நமக்கு ஆதாயம். நகல்களின் பெருக்கத்தால் 900எம் பிட், எலிமென்ட், கைப்பிடி, ஒயர் எல்லாம் ஒரு பொது அளவாகிவிட்டன. எந்தக் கம்பெனி மூடினாலும் பிட் கிடைக்கும். நகல் ஸ்டேஷன் 2000 ரூபாய் வாக்கில் கிடைக்கிறது, பிட்டை நூறு ரூபாய் வாக்கில் வாங்கலாம். எலிமென்ட் போனால் எலிமென்ட், ஒயர் போனால் ஒயர், கைப்பிடி உருகினால் கைப்பிடி என்று ஒவ்வொன்றாக மாற்றலாம். பெட்டிக்குள் இருக்கும் சர்க்யூட் ஒரு ஆப்-ஆம்ப், ஒரு டிரையாக், சில மின்தடைகள் என்ற அளவில் இருக்கும் அனலாக் மாதிரியை, அயர்னை வைத்துப் பழகும் நாமே பழுது பார்த்துக்கொள்ளலாம். இரும்புக் கோர் டிரான்ஸ்ஃபார்மர் மின் ஏற்ற இறக்கத்தையும் இடி மின்னல் நாட்களின் தாக்கத்தையும் தாங்குவதுபோல் சின்ன ஸ்விட்சிங் சப்ளை தாங்காது. கடையில் இரண்டு பெட்டிகளைக் கையில் தூக்கிப் பார்த்து, கனமானதை எடுங்கள்.

குறைகளையும் மறைக்காமல் வைக்க வேண்டும். பிட்டுக்கும் செராமிக் குச்சிக்கும் நடுவே காற்றிடைவெளி இருக்கிறது. காற்று வெப்பத்தைச் சரியாகக் கடத்தாது. சென்சாரும் குச்சிக்குள் இருப்பதால் முனை குளிர்ந்தது அதற்குத் தாமதமாகத்தான் தெரியும். பெரிய பாகத்தில் வைக்கும்போது 20, 30 டிகிரி கூட்டி வைக்க வேண்டியிருக்கும். செராமிக் நொறுங்கும் பொருள்: மேசையிலிருந்து சிமென்ட் தரையில் விழுந்தால் போச்சு. நட்டை இடுக்கி வைத்து இறுக்கினாலும் குச்சியில் கீறல் விழும், கை இறுக்கமே போதும். பிட்டை மாதக்கணக்கில் கழற்றாமல் விட்டால் உள்ளே ஆக்ஸைடு பூத்து ஒட்டிக்கொள்ளும். பிறகு இழுக்கும்போது குச்சி முறியும். அவ்வப்போது ஆறிய நிலையில் பிட்டைக் கழற்றித் தட்டி மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை.

நகல் வாங்குபவர் அறிய வேண்டிய இன்னொன்று. எல்லா நகல்களின் எலிமென்டும் ஒன்றல்ல. ஹாக்கோ 936இன் அசல் எலிமென்டில் மல்ட்டிமீட்டர் வைத்தால், ஆறிய நிலையில் ஹீட்டர் 2.5 முதல் 3.5 ஓம் வரையும் சென்சார் 43 முதல் 58 ஓம் வரையும் காட்டும். சில நகல்களில் நிக்ரோம் சுற்றிய எலிமென்டும் தெர்மோகப்பிளும் இருக்கின்றன. அங்கே ஹீட்டர் பத்து ஓமுக்கு மேலும் சென்சார் ஓரிரு ஓமும் காட்டும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை மாட்டினால் வேலை செய்யாது. ஆகவே புதிதாக வாங்கிய அன்றே, நல்ல நிலையில் இருக்கும்போதே, அளந்து பெட்டியின் அடியில் எழுதி ஒட்டிவையுங்கள். எலிமென்ட் வாங்கப் போகும் நாளில் அந்தச் சீட்டு உதவும். அப்போதே பிட்டிலிருந்து பிளக்கின் எர்த் பின் வரை தொடர்பு இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். நகல்களில் எர்த் கம்பி இணைக்கப்படாமலே வருவதுண்டு.

அசலான எஃப்எக்ஸ்-888 குடும்பம் இந்தியாவில் 10,000 ரூபாயைத் தாண்டும். 70 வாட்ஸ், சிலிக்கான் ஒயர், டி18 என்ற பிட் வரிசை, உதிரிப்பாகங்களுக்கு நிறுவனத்தின் ஆதரவு எல்லாம் உண்டு. நகலுக்கு ஐந்து மடங்கு பணம் கொடுப்பது தகுமா? நாள்தோறும் பற்றவைப்பவருக்குத் தகும். அசல் பிட்டின் இரும்பு முலாம் ஒரே சீராக இருக்கிறது. அந்த ஒன்றில்தான் நகல் பெரும்பாலும் தோற்கிறது. வார இறுதியில் மட்டும் உட்காருபவருக்கு நல்ல நகல் ஸ்டேஷனும் அசல் பிட் இரண்டும் வாங்குவது பணத்தைச் சரியான இடத்தில் போடுவது. ஹாக்கோ பெயர் அச்சிட்ட போலிப் பிட்களும் சந்தையில் நடமாடுகின்றன, விநியோகஸ்தரிடமே வாங்க வேண்டும். காந்தம் ஒட்டினால் இரும்பு முலாம்தான் என்று நம்பிவிடவும் கூடாது. செம்பின் மேல் வெறும் நிக்கல் பூசியிருந்தாலும் காந்தம் ஒட்டும்.

டிஜிட்டல் எண் காட்டும் மாதிரிக்காக அதிகம் செலவிடத் தேவையில்லை என்பது என் எண்ணம். 888டியில் சூட்டை மாற்ற இரண்டு பொத்தான்களோடு போராட வேண்டும். பின்னர் வந்த டிஎக்ஸ் மாதிரியில் ஹாக்கோவே சுழலும் குமிழைக் கொண்டுவந்துவிட்டது.

வெல்லரின் மேக்னஸ்டாட்டைக் குறிப்பிடாமல் போக மனமில்லை. பிட்டின் பின்புறத்தில் ஒரு காந்த உலோகத் துண்டு. குறிப்பிட்ட சூட்டில் அது காந்தத் தன்மையை இழக்கும். கைப்பிடிக்குள் இருக்கும் காந்தம் விலகி ஸ்விட்சை அணைக்கும். ஆறியதும் டக்கென்ற சத்தத்தோடு மறுபடி ஒட்டும். எந்தச் சர்க்யூட்டும் இல்லை. 7 என்று எண்ணிட்ட பிட் 700 ஃபாரன்ஹீட், அதாவது 370 டிகிரி செல்சியஸ். சூட்டை மாற்ற வேண்டுமானால் பிட்டை மாற்ற வேண்டும். பல பத்தாண்டுகள் ஓடிய ஸ்டேஷன்கள் இன்றும் உழைக்கின்றன. பிட் கையிருப்போடு பழையது கிடைத்தால் தயங்காமல் வாங்கலாம். புதிதாகத் தேடிப் போக வேண்டியதில்லை.

இனி என் தீர்ப்புக்கு வலுவான மறுப்பு வரும் இடம். ஹாக்கோவின் டி12, ஸ்பெயினின் ஜேபிசி சி245 போன்றவற்றில் பிட், எலிமென்ட், சென்சார் மூன்றும் ஒரே கார்ட்ரிஜாக இருக்கின்றன. காற்றிடைவெளியே கிடையாது. எலிமென்ட் முனைக்கு ஒட்டி நிற்கிறது, சென்சார் முனையின் சூட்டையே அளக்கிறது. ஜேபிசி சில நொடிகளில் சூடேறும்; ஸ்டாண்டில் வைத்ததும் தானாகவே சூட்டைக் குறைத்துத் தூங்கப் போகும். 900எம் பிட்டுக்கு 360 டிகிரி தேவைப்படும் இடத்தில் இது 320இல் வேலையை முடிக்கும். சூடு குறைந்தால் பிட் நீடிக்கும் என்று நானே சொல்லியிருக்கிறேன். அப்படியானால் கார்ட்ரிஜ்தானே அதிகம் உழைக்கும்?

தொழிற்கூடத்தில் அப்படித்தான். எட்டு மணி நேரம் ஓடும் மேசையில், சும்மா கிடக்கும் நேரத்தின் சூட்டைக் குறைப்பதிலேயே கார்ட்ரிஜின் விலை திரும்பி வந்துவிடும். வீட்டு மேசையில் கணக்கு வேறு. முனையில் அந்தக் குண்டூசிப் புள்ளி விழுந்த நாளில், நல்ல நிலையில் இருக்கும் எலிமென்டையும் சேர்த்துத் தூக்கியெறிய வேண்டும். மெல்லிய முனை, உளிமுனை, பெரிய முனை என்று மூன்று வடிவம் வைத்துக்கொள்ள விரும்பினால் மூன்று எலிமென்டுக்கும் பணம் கொடுக்கிறோம். ஜேபிசி ஸ்டேஷன் அரை லட்சத்துக்குக் குறையாது, ஆகவே அதைப் பொழுதுபோக்குக்காரரிடம் சொல்லிப் பயனில்லை. மலிவான டி12 நகல் ஸ்டேஷன்கள் வேகத்தில் 936 நகலை எளிதாக வெல்லும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவற்றின் மூளை ஒரு மைக்ரோகன்ட்ரோலர், பவர் ஒரு ஸ்விட்சிங் சப்ளை. எட்டு ஓம் எலிமென்டும் தெர்மோகப்பிளும் தொடராக ஒரே இரு கம்பிகளில் போகின்றன. ஹீட்டரை அணைத்த கண நேரத்தில் சில மில்லிவோல்ட்டை அளந்துதான் சூடு கண்டுபிடிக்கப்படுகிறது. கார்ட்ரிஜ் நுழையும் தொடர்புமுனையில் கொஞ்சம் தளர்வு வந்தாலே அளவு தடுமாறும். வேகம் வேண்டுபவருக்கு டி12. உழைப்பு வேண்டும் என்று கேட்டவருக்கு அது இரண்டாம் இடம்தான்.

யூஎஸ்பி-சியில் ஓடும் பைன்சில்லும் அதற்கு முன்னோடியான டிஎஸ்100உம் தனி வகை. பென்சில் அளவு, பைன்சில்லுக்கு 25 டாலரை ஒட்டிய விலை, யாரும் திருத்தக்கூடிய திறந்த ஃபர்ம்வேர். அசைக்காமல் வைத்தால் தானாகத் தூங்கும் என்பது பிட்டின் ஆயுளுக்குப் பெரிய நன்மை. ஆனால் எட்டு ஓம் பிட்டுக்கு 20 வோல்ட் கொடுத்தால்தான் 50 வாட்ஸ் வரும். கையில் கிடைத்த 12 வோல்ட் அடாப்டரைச் செருகினால் 18 வாட்ஸ்தான், அது சோல்ட்ரானைவிடக் குறைவு. நாள் முழுக்க அசையும் கையில் யூஎஸ்பி-சி சாக்கெட் எல்லாச் சுமையையும் தாங்க வேண்டியிருக்கிறது. அது போர்டில் ஈயத்தால் ஒட்டிய சின்னப் பாகம். இரண்டு பின் சார்ஜரில் ஓட்டும்போது முனை எர்த் இல்லாமல் மிதக்கும். டிஎஸ்100இல் எர்த் கம்பி மாட்டவே பின்பக்கம் ஒரு திருகு வைத்திருக்கிறார்கள், அதைப் பலர் பயன்படுத்துவதில்லை. பையில் வைத்து ஊர் ஊராகப் போகிறவருக்கு இதைவிட நல்லது இல்லை. மேசையிலேயே இருப்பவருக்கு ஒரே அயர்னாக இதை நான் சொல்ல மாட்டேன்.

ஆக, என் தேர்வு 24 வோல்ட்டில் ஓடும் 936 குடும்பத்து அனலாக் ஸ்டேஷன். அது வேகமானதும் இல்லை, அழகானதும் இல்லை. கெடும் ஒவ்வொரு பாகமும் தனியாக, மலிவாக, பல கடைகளில் கிடைக்கிறது. எலிமென்ட் குறைந்த வோல்ட்டேஜில் ஓடுகிறது. சூடு அளவோடு நிற்கிறது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்த வேறொன்று இந்த விலையில் நம் சந்தையில் இல்லை. வாங்கும் நாளிலேயே 2.4 மில்லிமீட்டர் உளிமுனைப் பிட் ஒன்று, மெல்லிய முனை ஒன்று, உதிரி எலிமென்ட் ஒன்று என்று சேர்த்து வாங்கிவிட வேண்டும். கூர்முனைப் பிட் அழகாகத் தெரியும், ஆனால் அதன் முனையில் வெப்பம் தேங்காது. அதனால் சூட்டைக் கூட்டுவோம், பிட் சீக்கிரம் போகும். பெரும்பாலான வேலைக்கு உளிமுனைதான். பஞ்சைவிடப் பித்தளைச் சுருள் மேல். ஈரப் பஞ்சு ஒவ்வொரு தடவையும் முனையைத் திடீரென்று குளிரவைக்கிறது. அமில ஃபிளக்ஸ் வேண்டாம், ரோசின் போதும். அணைப்பதற்கு முன் முனையில் தாராளமாக ஈயம் ஏற்றிவிட வேண்டும். காற்று இரும்பை விட்டு அந்த ஈயத்தைத்தான் தொடும்.

500 ரூபாய்க்கு மேல் முடியாது என்கிற மாணவருக்கு: மூன்று பின் உள்ள 25 வாட்ஸ், இரும்பு முலாம் பிட், கூடவே ஒரு உதிரி எலிமென்ட். வேலை இல்லாத நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடும் பழக்கம் இருந்தால் அது நன்றாகவே உழைக்கும். ஸ்டேஷன் வாங்கிய பிறகும் ஒயர் முனைகளுக்கு ஈயம் ஏற்ற அது மேசையில் இருக்கட்டும்.

ஒரே ஒரு நிலையில் என் தேர்வை நானே மாற்றிக்கொள்வேன். காரீயம் இல்லாத ஈயத்தில்தான் வேலை என்றால், உருகும் சூடு 183இலிருந்து 217க்கு மேல் ஏறிவிடுகிறது. காரீயத்தைக் கட்டுப்படுத்தும் ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோஸ் விதி 2006 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறகு கடைக்கு வரும் பெரும்பாலான போர்டுகளில் இருப்பது அந்த ஈயம்தான். வெள்ளீயத்தின் பங்கு அதில் மிக அதிகம் என்பதால் இரும்பு முலாமையும் வேகமாகத் தின்கிறது. 900எம் பிட்டை அதற்காக 380, 400 என்று ஏற்றினால் மேலே சொன்ன நன்மைகளெல்லாம் போய்விடும். அப்படிப்பட்ட போர்டுகளை அடிக்கடி பழுது பார்ப்பவர் டி12 ஸ்டேஷனுக்கே போகட்டும். எர்த்தைச் சோதித்துவிட்டு, அசல் கார்ட்ரிஜ் ஒன்றையும் சேர்த்து வாங்கட்டும்.